சவுக்குக் கிளையில் குறுவைக் கதிர்: எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பெட்டி

காவிரி டெல்டாவில் கிறிஸ்துமஸ் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கும் நேரமும் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நேரமும் ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறியிருக்கும். மார்கழி பிறந்தால் பனி. கடலோர ஊராக இருந்தால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். பெட்டியைத் திறந்து, மரத்தை அலங்கரித்து, பண்டிகை முடிந்ததும் அந்த ஈரத்தோடேயே எல்லாவற்றையும் கட்டி மறுபடி மேலே ஏற்றிவிடுகிறோம். அடுத்த டிசம்பரில் திறந்தால் ஜிகினா கறுத்திருக்கும். காகித நட்சத்திரத்தை இராமபாணப் பூச்சி அரித்திருக்கும். கண்ணாடிக் குண்டுகளின் பூச்சு உரிந்திருக்கும். இது ஒரு இழப்பு. இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நல்லபடியாக இருக்கிற ஒரு பொருளைக் கையில் எடுத்து, "இது யார் கொடுத்தது?" என்று பிள்ளைகள் கேட்கும்போது, பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் போவது. அம்மா போன பிறகு இந்த இரண்டைப் பற்றியும் நிறைய யோசித்திருக்கிறேன். தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

எங்களுக்குச் சொந்த ஊர் பொறையாறு, தரங்கம்படிக்குப் பக்கம். லுத்தரன் குடும்பம். 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கப்பலிறங்கிய கரை எங்களுடையது. அவர் காலத்தில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றைக்கும் ஆராதனை நடக்கிறது. கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மனியில் தோன்றிய பழக்கம் என்பதால், சீகன்பால்குவே அதையும் கொண்டுவந்திருப்பார் என்று எங்கள் பக்கத்தில் சிலர் நினைப்பதுண்டு. அவர் வந்த காலத்தில் ஜெர்மனியிலேயே அது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. அங்கே ஊசியிலை மரம், இங்கே சவுக்கு. தோப்பில் வெட்டிய கிளையை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அப்பா வருவதும், தெருவெல்லாம் மிளாறு உரசிக்கொண்டு வருவதும்தான் எங்களுக்குப் பண்டிகை தொடங்கியதன் அடையாளம்.

சவுக்கு வைப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதில் இலை மாதிரித் தெரிகிற பச்சை இழைகள் இலையே இல்லை, மெல்லிய குச்சிகள். நிஜ இலை அந்தக் குச்சியின் கணுவில் சின்னச் செதிலாக ஒட்டியிருக்கும். அதனால் அந்த இழை எதையும் தாங்காது. ஒரு கண்ணாடிக் குண்டை நுனியில் மாட்டினால் கிளை வளைந்து குண்டு வழுக்கி விழும். கனமானதை நடுத்தண்டை ஒட்டி, பருத்தி நூலால் கட்ட வேண்டும். காகிதமும், எடையே இல்லாத நெட்டித் தண்டில் செய்தவையும்தான் வெளிப்பக்கத்துக்கு. பக்கெட்டில் ஈர மணல் போட்டுக் கிளையை ஊன்றி, தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் புத்தாண்டு வரைக்கும் பச்சை நிற்கும். காய்ந்துவிட்டால் தயவு பார்க்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். காய்ந்த சவுக்கு விறகுதான், அதன் பக்கத்தில் மெழுகுவத்தியோ சூடாகிற பழைய சீரியல் லைட்டோ இருக்கக் கூடாது. இப்போது என் வீட்டிலும் பிளாஸ்டிக் மரம்தான். என்றாலும் ஒரு சவுக்குக் கிளையை வாங்கி அதன் முதுகில் கட்டிவிடுகிறேன். அந்த மணம் இல்லாமல் எனக்கு டிசம்பர் ஆகாது.

இனி பெட்டிக்குள் இருப்பவை.

எல்லாவற்றிலும் பழையது ஒரு சிவப்புக் கண்ணாடிக் குண்டு. அப்பாயி சின்ன வயதில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டு அம்மா கொடுத்துவிட்டுப் போனது. இந்தக் குண்டுகளின் பூர்வீகம் ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் உள்ள லவ்ஷா என்கிற ஊர். 1597இலிருந்து கண்ணாடி வேலை நடக்கும் இடம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே கண்ணாடியை வாயால் ஊதிக் குண்டாக்கி, உள்பக்கம் வெள்ளிக் கரைசலை ஊற்றிச் சுழற்றிப் பளபளப்பு ஏற்றும் முறை வந்தது. நிறம் வெளிப்பூச்சு, பளபளப்பு உள்பூச்சு. இதைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பு தானாகப் புரியும். ஈரத் துணியால் துடைத்தால் வெளியே நிறம் போகும். மூடி வழியாக ஈரம் உள்ளே போனால் வெள்ளி கறுக்கும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். எடுக்கும்போது மேலே இருக்கிற தகர மூடியைப் பிடிக்காமல், குண்டின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து எடுக்க வேண்டும். மூடி துருப்பிடித்திருந்தால் எப்போது கழலும் என்று சொல்ல முடியாது.

விலை என்று பார்த்தால் அந்தக் குண்டுதான் பெட்டியிலேயே உயர்ந்தது. என் மனதுக்கு உயர்ந்தவை அப்பா கட்டிய கதிர்க்கொத்துகள்.

அப்பா பள்ளி ஆசிரியர். கூடவே கொஞ்சம் நிலமும் உண்டு. கடைமடை நிலம், பாசன வாய்க்காலின் கடைசியில் இருப்பது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். அப்படித் திறந்து, தண்ணீர் கடைமடை வரை வந்தால்தான் எங்களுக்குக் குறுவை என்கிற குறுகிய கால நெல். வராத வருடம் அதற்குப் பின்னால் வரும் சம்பா நெல் மட்டும். குறுவை ஐப்பசி வாக்கில் அறுப்புக்கு வரும். அந்த அறுப்பில் ஒரு பிடிக் கதிரை அப்பா தனியாக அரிந்து, மஞ்சள் நூலால் கட்டி, கிறிஸ்துமஸ் வரைக்கும் உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார். மரத்தில் முதலில் ஏறுவது அதுதான். ஒவ்வொரு கொத்திலும் ஒரு அட்டைத்துண்டு. வருடமும் ரகமும் எழுதியிருக்கும். "ஆடுதுறை 36", "ஆடுதுறை 43" என்று அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில்.

2012இல் அணை திறந்தது செப்டம்பர் 17இல். எங்கள் வயலில் குறுவை இல்லை. அந்த வருடம் அப்பா மரத்தில் வெறும் மஞ்சள் நூலைக் கட்டினார். அட்டையில் 2012 என்று மட்டும் எழுதினார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, நல்ல நாளில் இது எதற்கு என்றார். "தண்ணி வராத வருஷமும் நம்ம வருஷம்தானே, பிள்ளைங்களுக்குத் தெரியணும்ல" என்றார் அப்பா. அதற்குப் பிறகும் அணை தள்ளித் திறந்த வருடங்கள் பல. நூல்களும் சேர்ந்தன. 2020இல்தான் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஜூன் 12இலேயே திறந்தார்கள். அந்த வருடக் கொத்து மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கும், அப்பா ஆசையோடு கட்டியது. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், அதற்கும் ஒரு கொத்து இருக்கிறது. காவிரி எங்கள் வீட்டுக்கு வந்ததும் வராததும் அந்த மரத்தில் தொங்குகிறது. என் பேரன் தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றி முதலில் கேட்டது அந்த வெறும் நூலைப் பார்த்துத்தான்.

கதிர் வைக்க விரும்புகிறவர்களுக்கு: முழுக்கப் பழுத்த கதிர் வேண்டாம், மணி உதிரும். பச்சை கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே அரிந்து, தலைகீழாக நிழலில் காயவைத்தால் மணி நிற்கும். நெல்லுக்குள் அந்துப்பூச்சி முட்டை இருக்கும். காய்ந்த பிறகு காற்றுப் புகாத கவரில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. வெளியே எடுத்தவுடன் கவரைத் திறக்கக் கூடாது, குளிர் போகட்டும். இல்லாவிட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். எலிக்குப் பயந்து கதிரை மட்டும் தகர டப்பாவில் வைக்கிறோம். கடலோர ஊரில் தகரம் துருப்பிடிக்கும், உள்ளே துணி விரிக்க வேண்டும்.

அடுத்ததைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். அப்பாவுக்குத் தரங்கம்படியில் ஒரு நண்பர், மீன்பிடிப்பவர். எங்களுக்கு மாமா. மிச்ச வலை நூலால் ஒரு உருண்டை பின்னி, உள்ளே சின்னத் தக்கை வைத்து, "இது தண்ணியில போட்டாலும் மிதக்கும் டீச்சரே" என்று கொடுத்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மீன் கொண்டுவருவார், எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். 2004 கிறிஸ்துமஸுக்கும் வந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தது. அப்போது நாங்கள் நாகை மாவட்டம். தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது எங்கள் மாவட்டத்தில்தான். அவரும் போய்விட்டார்.

அம்மா அந்த உருண்டையை ஒரு துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தார். பல வருடங்கள் அது வெளியே வரவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை. ஒரு டிசம்பரில் மாமாவின் மகள் தன் குழந்தையோடு வந்தாள். "அத்தை, அப்பா பின்னின உருண்டை இருக்கா?" என்று அவளே கேட்டாள். அம்மா துணியோடு எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள்தான் பிரித்தாள், அவள்தான் மரத்தில் கட்டினாள். இப்போதும் அவள் வந்து கட்டினால்தான் அது மரத்துக்கு ஏறும். வர முடியாத வருடம் பெட்டியிலேயே இருக்கும். துக்கம் சேர்ந்த பொருள் உங்கள் வீட்டிலும் இருந்தால், அதை வைப்பதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அந்தத் துக்கம் யாருடையதோ அவர்களிடம் விட்டுவிடுங்கள். ஆனால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எப்போது கேட்பார்கள் என்று தெரியாது.

பேராவூரணிப் பக்கம் பெரியப்பா தென்னந்தோப்பு வைத்திருந்தார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் தோப்பு சாய்ந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் கையில் காசில்லை. விழுந்த மரத்துத் தேங்காயின் கொட்டாங்குச்சியை ஆக்ஸா பிளேடால் நட்சத்திரமாக அறுத்து, உப்புத்தாள் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவி, பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கொன்று அனுப்பினார். இதற்குப் பராமரிப்பே வேண்டாம், வருடம் ஒருமுறை எண்ணெய் தொட்டுத் துடைத்தால் புதிதுபோல் ஆகிவிடும்.

தஞ்சாவூர் அத்தை வாங்கிக் கொடுத்த நெட்டிப் பறவைகளும் உண்டு. குளத்திலும் ஏரியிலும் வளர்கிற நெட்டிச் செடியின் தண்டைச் சீவிச் செய்வது, தந்தம்போல வெண்மையாக இருக்கும். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எடையே இல்லாததால் சவுக்கு இழைக்கு இதைப்போல் பொருத்தமானது வேறில்லை. ஈரம் மட்டும் ஆகாது, அழுத்தமும் ஆகாது. பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும்.

அப்புறம் அம்மாவின் பலகாரச் சீட்டு. அதிரசம், அச்சுமுறுக்கு, சோமாஸ், எதற்கு எவ்வளவு மாவு, எவ்வளவு வெல்லம், எந்தத் தெருவில் யார் வீட்டுக்கு எத்தனை என்று பென்சிலால் எழுதிய தாள். ஓரத்தில் எண்ணெய்க் கறை. இதை மரத்தில் தொங்கவிட வேண்டும் என்று தங்கைக்கு ஆசை. அசலைத் தொங்கவிட்டால் வெளிச்சத்திலும் ஈரத்திலும் எழுத்து மங்கும். லாமினேட் செய்துவிடலாம் என்று கடையில் சொல்வார்கள், அசலை ஒருக்காலும் கொடுக்காதீர்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளிலிருந்து பிரிக்கவே முடியாது. ஸ்கேன் எடுத்து, தடித்த தாளில் நிறத்தோடு அச்செடுத்து, அந்தப் பிரதியைத் தொங்கவிட்டோம். அசல் மடிக்காமல் ஒரு ஃபைலில், இருட்டில் இருக்கிறது. பழைய புகைப்படங்களுக்கும் இதே வழிதான்.

இவற்றையெல்லாம் எப்படிக் கட்டிவைப்பது என்பதை நான் கற்றது ஒரு கொலு வீட்டில். என் மகள் கும்பகோணத்தில் ஒரு இந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சம்பந்தியம்மாவிடம் மூன்று தலைமுறைக் கொலு பொம்மைகள் இருக்கின்றன. மரப்பாச்சி ஜோடி அவருடைய பாட்டி சீராகக் கொண்டுவந்ததாம். அவர் பொம்மை கட்டும் நேரத்தில் நான் கூட உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். செய்தித்தாளில் எதையும் சுற்றமாட்டார், மை ஒட்டும் என்பார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியைக் கிழித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றுவார். ரப்பர் பேண்ட் போடமாட்டார், நம் ஊர்ச் சூட்டில் அது உருகி ஒட்டிக்கொள்ளும். நூல்தான். பச்சை வேப்பிலை போடமாட்டார், அதுவே ஈரம். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணி முடிச்சில் வைப்பார். இத்தனையையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். கூடவே செருப்பு டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் சேர்த்துவைக்கிறேன். அந்துருண்டை வேண்டவே வேண்டாம். தெர்மாகோல் பொருள் எதுவும் பெட்டியில் இருந்தால் அந்துருண்டை அதை அரித்துக் குழைத்துவிடும்.

இன்னொன்று, நேரம். ஜனவரி 6, மூன்று சாஸ்திரிகள் திருநாள் முடிந்ததும் பெட்டி கட்டுவது எங்கள் வழக்கமாக இருந்தது. அப்போது இன்னும் பனிக்காலம். இப்போது மரத்தைக் கலைத்து, பொருள்களை ஒரு அறையில் துணி விரித்துப் பரப்பி, பொங்கல் வரை விட்டுவிடுகிறேன். தை வெயில் ஏறிய பிறகு ஒரு மத்தியான நேரத்தில் கட்டுகிறேன். இந்தச் சின்ன மாற்றத்தால்தான் பூஞ்சை நின்றது. பெட்டி தரையில் இருக்கக் கூடாது, வெளிச்சுவரை ஒட்டியும் இருக்கக் கூடாது. வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காகித நட்சத்திரம் வீட்டிலேயே செய்பவர்கள் பசையைக் கவனிக்க வேண்டும். மூங்கில் சிம்பு கட்டி, கலர் பேப்பர் ஒட்ட மைதாப் பசை காய்ச்சுவோம். பூச்சிக்கு அந்த மாவுதான் விருந்து. புத்தகம் பைண்டு செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம். குழந்தைகள் ஒட்டுகிற வீட்டில் வேண்டாம். கடையில் விற்கும் வெள்ளைப் பசை போதும்.

சரி, பொருள் தங்கிவிட்டது. கதை தங்க வேண்டுமே. அம்மா இருக்கும்போது, ஒரு டிசம்பரில் பெட்டியைத் திறந்து வைத்து, ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்துப் போனில் பதிவு செய்தேன். பொருளைக் கையில் கொடுத்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கம்மா" என்று பொதுவாகக் கேட்டால் பெரியவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. சிவப்புக் குண்டைக் கையில் வாங்கியவுடன் அம்மா சொன்னது குண்டின் கதையே இல்லை. அப்பாயி அதைத் தன் மருமகளிடம், அதாவது அம்மாவிடம், முதல்முறை தொடக் கொடுத்த நாளின் கதை. அதுவரை மூத்த மருமகள் கூடத் தொட்டதில்லையாம். அவர்கள் இருவருக்கும் நடுவே அப்படி ஒரு அன்பு இருந்ததே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கேட்டதை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். யார் செய்தது அல்லது கொடுத்தது, எந்த ஊர், எந்த வருடம், அப்போது வீட்டில் யாரெல்லாம் இருந்தார்கள், அந்த வருடம் என்ன நடந்தது. நோட்டில் உள்ள எண்ணையே துணிக்கீற்றில் எழுதிப் பொருளோடு கட்டியிருக்கிறேன். பொருளின் மேல் பேனாவால் எழுதுவதோ ஸ்டிக்கர் ஒட்டுவதோ கூடாது. பதிவை மூன்று பேர் போனிலும் போட்டுவைத்திருக்கிறோம். போன் தொலையும், நோட்டு நனையும், இரண்டும் சேர்ந்து போவது அபூர்வம். கோபக் கதைகளையும் எழுதுங்கள். நூலைக் கட்டிய வருடம் அப்பாவும் அம்மாவும் பேசாமல் இருந்ததையும் நான் எழுதியிருக்கிறேன்.

அம்மா போன பிறகு பங்கு என்று ஒன்று வந்தது. நிலத்தைப் பிரிப்பதில் வராத வருத்தம் இந்தப் பெட்டியில் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம் இருந்தது. நான், தங்கை, குவைத்தில் தம்பி. முதல் கிறிஸ்துமஸுக்கு எதையும் பிரிக்கவில்லை, அப்படியே மரத்தில் ஏற்றினோம். அவசரப்படாதது நல்லதாயிற்று. அடுத்த வருடம் மூன்று பேரும் நோட்டைப் படித்துவிட்டு உட்கார்ந்தோம். கடைக்குட்டியிலிருந்து தொடங்கி, முறைவைத்து ஆளுக்கொன்றாக எடுத்தோம், எடுத்தவர் ஏன் அதை எடுத்தார் என்று சொல்ல வேண்டும். தம்பி முதலில் எடுத்தது கண்ணாடிக் குண்டு இல்லை, பலகாரச் சீட்டு. அதிரசக் கணக்கில் அவன் பெயருக்கு எதிரே அம்மா தனியாக ஒரு எண் போட்டிருந்தாராம். எங்கள் கண்ணில் அது பட்டதே இல்லை. கதிர்க்கொத்துகளைப் பிரிக்கக் கூடாது என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். அவை சேர்ந்தே இருக்கும், வருடத்துக்கு ஒரு வீடாகச் சுற்றும். வலை உருண்டை எங்கள் யாருடையதும் இல்லை, அது மாமா மகளுக்கானது, என்னிடம் இருப்பது காவலுக்கு மட்டும். சிவப்புக் குண்டு தங்கையிடம். பிரதி எடுக்க முடிந்தவற்றை எல்லாருக்கும் எடுத்தோம்.

சம்பந்தியம்மா ஒன்று சொல்வார், கொலுவில் வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வைக்க வேண்டும் என்று. அதை எங்கள் மரத்துக்கும் வைத்துக்கொண்டோம். பழையதை மட்டுமே தொங்கவிட்டால் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லாமல் போகிறது. புதியது கடையில் வாங்கியதாக இருக்க வேண்டியதில்லை. அந்த வருடத்திலிருந்து வந்திருந்தால் போதும். பேத்தியின் முதல் வளையல், தம்பி விமானத்தில் வந்த டிக்கெட்டின் துண்டு, விழுந்த பால்பல்லை வைத்துத் தைத்த சின்னப் பட்டுப்பை. மகள் கும்பகோணத்தில் தன் வீட்டு மரத்தில் பெரியப்பாவின் கொட்டாங்குச்சி நட்சத்திரத்தையும், மாமியார் கொடுத்த மரச் செப்புச் சாமான் ஒன்றையும் சேர்த்துக் கட்டுகிறாள். அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு, சம்பந்தியம்மாவே தன் கையால் எழுதியது.

இந்த டிசம்பரில் தம்பி குடும்பத்தோடு வருகிறான். கதிர்க்கொத்துகளின் முறை இப்போது என் வீட்டில். நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறவரிடம் குறுவையில் ஒரு பிடி பச்சைக் கதிர் அரிந்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் நூல் வாங்கியாயிற்று. ரகத்தின் பெயரை அட்டையில் எழுதப்போவது பேரன், அவன் கையெழுத்தும் குண்டு குண்டாகத்தான் இருக்கிறது.